மின்சாரக் காரில் இன்டர்நெட் இலவசமா?

மின்சாரக் கார் வாங்க எண்ணுபவர் இரண்டு கேள்விகளோடுதான் விற்பனை நிலையத்துக்குள் நுழைகிறார். விலை என்ன? ஒரு முறை சார்ஜ் செய்தால் எவ்வளவு தூரம் ஓடும்? மூன்றாவதாக ஒரு செய்தியை விற்பனையாளரே புன்னகையோடு சொல்லிவிடுகிறார்: "வண்டியிலேயே இன்டர்நெட் இருக்கிறது சார், இலவசம்!" பின் இருக்கையில் அமரப்போகும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு சொல்லே போதும், அத்தாவின் மனம் மாறுவதற்கும் அதுவே போதும்.

இது நம் பக்கத்துச் செய்தியும்கூட. ஓமந்தூர்க்காரர்கள் திண்டிவனம் வழியாகச் சென்னைக்குச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில், செங்கல்பட்டை அடுத்துள்ள மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில்தான் அந்நிறுவனத்தின் புதிய மின்சாரக் கார்கள் உருவாக்கப்பட்டன. 2024 நவம்பர் 26 அன்று சென்னையிலேயே அவை அறிமுகமாயின. ஹூண்டாய் நிறுவனத்தின் கிரெட்டா மின்சாரக் காரும் (2025 ஜனவரி) சென்னை அருகிலுள்ள அதன் தொழிற்சாலையில் தயாராவதுதான். 2024 செப்டம்பரில் வந்த எம்.ஜி. விண்ட்சர் காரின் நடுவே 15.6 அங்குலத் திரை இருக்கிறது. சில வீடுகளின் கணினித் திரைக்குச் சமம்!

மின்சாரக் காருக்கும் திரைக்கும் ஏன் இத்தனை நெருக்கம்? சார்ஜ் ஏறும் நேரம்தான் காரணம். ஓமந்தூரிலிருந்து சென்னைக்குச் சென்று திரும்ப வழியில் நிற்கவே வேண்டியிராது. ஏர்வாடிக்கோ நாகூருக்கோ குடும்பத்தோடு சென்று திரும்பினால் எங்கேனும் நின்றாக வேண்டும். கிரெட்டாவின் பேட்டரி 10 சதவீதத்திலிருந்து 80 சதவீதம் ஏற, 50 கிலோவாட் விரைவு நிலையத்தில் 58 நிமிடங்கள் பிடிக்கும். அந்த ஒரு மணி நேரத்தைக் கழிப்பதற்காகவே 2023 செப்டம்பரில் டாட்டா நிறுவனம் தன் நெக்ஸான் மின்சாரக் காரில் படம் பார்க்கும் வசதியைச் சேர்த்தது.

இனி 'இலவச'த்துக்கு வருவோம். இத்தகைய காரினுள் ஒரு சிம் பொதிந்து வைக்கப்பட்டிருக்கிறது, கழற்ற முடியாது. இயந்திரங்கள் தமக்குள் பேசிக்கொள்வதற்கான இந்த இணைப்புகளுக்கென 2018 ஜூலையில் 13 இலக்க எண் முறையை மத்திய தொலைத்தொடர்புத் துறை கொண்டுவந்தது. முன்னரே வரையறுத்த எண்களோடும் முகவரிகளோடும் மட்டுமே இவை தொடர்பு கொள்ளவேண்டும் என்பது அத்துறையின் விதி. ஆகவே கைப்பேசி சிம்மைப் போல இதை விருப்பம்போல் பயன்படுத்தலாம் என எண்ணுவதற்கில்லை. வண்டி எங்கே நிற்கிறது, சார்ஜ் எவ்வளவு என்பதைச் செயலிக்குச் சொல்வதும், விபத்து நேர்ந்தால் உதவி கோருவதும், வழிகாட்டும் வரைபடமும் அதன் முதன்மையான பணிகள்.

பாட்டுக்கு ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய 60 எம்.பி. செலவாகும். தெளிவான படத்துக்கோ 3 ஜி.பி. வரை ஆகலாம், ஐம்பது மடங்கு! எனவே படத்துக்கான டேட்டா பல வண்டிகளில் நம் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டிலிருந்தே போகிறது. பட நிறுவனத்துக்குச் செலுத்தும் சந்தா வேறு. எது வண்டியின் சிம், எது நம் கைப்பேசி என்று எழுதி வாங்கிக்கொள்ளாமல் முன்பணம் கொடுப்பது சரியன்று.

கால வரம்பையும் கேட்கவேண்டும். டெஸ்லா நிறுவனம் 2018 ஜூலைக்கு முன் பதிவு செய்தவர்களுக்கு முழு இணைய வசதியையும் கட்டணமின்றி அளித்தது. பின்னர் வந்தோரிடம் அமெரிக்காவில் மாதம் 9.99 டாலர் வாங்குகிறது. பிரிட்டனில் பழைய நிஸான் லீஃப் கார்களின் செயலி 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. அவற்றினுள் இருந்த 2ஜி கருவிக்குக் காலம் முடிந்துவிட்டது என்பதே காரணம். வண்டி ஓடியது, கைப்பேசியிலிருந்து அதனோடு பேச முடியவில்லை.

இவையெல்லாம் பணக் கணக்கு. என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அந்த சிம் நமக்குச் செய்தி கொண்டுவருவது மட்டுமல்ல, நம்மைப் பற்றிய செய்தியைக் கொண்டும் போகிறது. 2024 டிசம்பரில் ஜெர்மனியில் ஒரு செய்தி வெடித்தது. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏறத்தாழ 8 லட்சம் மின்சாரக் கார்களின் விவரங்கள் பல மாதங்களாகக் காவலின்றிக் கிடந்தன. அவற்றுள் சுமார் 4.6 லட்சம் கார்கள் எங்கெங்கே நின்றன என்பதைத் துல்லியமாக அறிய முடிந்தது. ஒரு வீட்டார் எந்த மருத்துவரிடம் செல்கிறார்கள், எந்த உறவினர் வீட்டில் இரவு தங்குகிறார்கள், எந்தெந்த நாளில் வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதை அதிலிருந்து கணித்துவிடலாமே! அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் சில சமயம் மூன்று வினாடிக்கு ஒரு முறை இருப்பிடத்தைச் சேகரித்தது எனவும், ஓட்டுநரின் பழக்கங்களை விற்றது எனவும் அந்நாட்டு வணிக ஆணையம் 2025 ஜனவரியில் குற்றஞ்சாட்டியது. காப்பீட்டு நிறுவனங்கள் கட்டணம் நிர்ணயிக்க அத்தகவல்கள் பயன்பட்டன. நம் நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. விதிகள் வெளியானது 2025 நவம்பரில்தான். அதன் முக்கியமான கடமைகளுக்கு மேலும் 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது.

குடும்பத்தின் போக்குவரத்து ஓர் அமானிதம். அது வெளியாரிடம் மட்டுமன்றி வீட்டுக்குள்ளேயும் பேணப்படவேண்டியது. செயலி பெரும்பாலும் கணவரின் கைப்பேசியில்தான் இருக்கும். வண்டி ஓர் எல்லையைக் கடந்தால் மணி அடிக்கும் ஏற்பாடும் பல செயலிகளில் உண்டு. திருட்டுக்கு எதிராக அது நல்ல காவல்தான். ஆனால் மனைவியோ வயதுவந்த மகளோ ஓட்டிச் செல்லும்போது அவர்களுக்குத் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பது காவலாகாது. துருவித் துருவி ஆராய்வதாகும். செயலியில் என்னென்ன தெரிகிறது என்பதை வண்டி ஓட்டும் அனைவருக்கும் முதல் நாளே காட்டிவிடுவது முறை.

பழைய மின்சாரக் கார் வாங்குவோர் இதைவிட எச்சரிக்கையாக இருக்கவேண்டும். ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறிவிட்டால் செயலியிலும் மாறிவிட்டதாகப் பொருளில்லை. முந்தைய உரிமையாளரின் கணக்கு அப்படியே இருந்தால், நம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை அவர் தம் ஊரிலிருந்தே பார்க்கலாம். சில வண்டிகளில் கதவையும் திறக்கலாம். விற்பவர் தம் கைப்பேசியிலிருந்து அந்த வண்டியை நீக்குவதையும், திரையில் உள்ள தொடர்பு எண்களையும் சென்ற இடங்களையும் அழிப்பதையும் நேரில் பார்த்த பிறகு மீதித் தொகையை எண்ணிக் கொடுக்கலாம்.