15 லிட்டர் ஃப்ரீசரில் எதற்கு இடம்?

திருக்கோவிலூர்ப் பக்கத்து வீடுகளில் அதிகம் பார்ப்பது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். மொத்தக் கொள்ளளவு 180, 190 லிட்டர். அதற்குள் மேல்பக்கம் சின்னக் கதவு போட்ட ஃப்ரீசர் ஏறக்குறைய 15 லிட்டர்தான் பிடிக்கும். அந்தக் கதவைத் திறந்து பாருங்கள். அடியோடு ஒட்டிக்கொண்ட பால் பாக்கெட், போன ஞாயிற்றுக்கிழமை வாங்கிய கோழி, அதற்கும் முந்தின வாரத்து மீன், துருவிய தேங்காய், பிள்ளைகளின் ஐஸ்கிரீம், ஐஸ் ட்ரே, மருதாணிக் கோன், சுற்றிலும் விரல் தடிமனுக்கு உறைபனி. ஒன்றை இழுத்தால் இன்னொன்று காலில் விழுகிறது. எது எப்போது வைத்தது என்று வீட்டில் யாருக்கும் தெரிவதில்லை.

அடுக்குவதற்கு நேரமில்லை என்று இதை விட்டுவிடுகிறோம். ஆனால் வாந்திக்கும் வயிற்றுப்போக்குக்கும் இந்தச் சின்னப் பெட்டி காரணமாக முடியும். குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள் இருக்கும் வீட்டில் அது சாதாரண வயிற்றுக் கோளாறோடு நிற்காமலும் போகலாம்.

குளிரில் கிருமி சாவதில்லை

மைனஸ் 18 டிகிரியில் பாக்டீரியா பெருகுவது நின்றுபோகிறது, பெரும்பாலானவை சாவதில்லை. கோழிக்கறியில் சால்மோனெல்லா இருந்தால், உறைந்த கறியிலும் அது உயிரோடுதான் இருக்கும். பனி விட்டதும் மறுபடி பெருகத் தொடங்கும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூடு அவற்றுக்கு மிகவும் தோதானது. நம் சமையலறையின் வெப்பம் வருடம் முழுக்க அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது.

அதனால் கறி எவ்வளவு சீக்கிரம் உறைகிறது என்பது முக்கியம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில் ஃப்ரீசரின் சுவர்தான் குளிரைக் கொடுக்கிறது. சுவரில் படிந்த பனி போர்வை மாதிரி அந்தக் குளிரைத் தடுக்கிறது. சாமான்களுக்கு நடுவே ஒரு கிலோ கறியை உருண்டையாகத் திணித்தால், வெளிப்பக்கம் கல்லாகிப் பல மணி நேரம் கழித்தும் நடுப்பகுதி உறையாமல் இருக்கும். இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதில் பின்புறத் துவாரம் வழியாகக் குளிர்காற்று வருகிறது. பொட்டலங்களால் அதை அடைத்துவிட்டால் குளிர் பரவாது.

ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும் ஐந்து நட்சத்திரம் மின்சாரச் சிக்கனத்துக்கானது. உள்ளே எத்தனை டிகிரி குளிர் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சிறிய தெர்மாமீட்டர் ஒன்றை உள்ளே ஒரு ராத்திரி வைத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

பனியைச் சுரண்டாதீர்கள்

உறைபனி அரை சென்டிமீட்டர் தடித்ததும் டீஃப்ராஸ்ட் பட்டனை அழுத்திவிடுங்கள். கத்தி, கரண்டிக்காம்பு எதையும் சுவரில் குத்தக் கூடாது. சுவருக்குள் வாயு ஓடும் குழாய் இருக்கிறது. இப்போது வரும் பல ஃப்ரிட்ஜ்களில் அந்த வாயு தீப்பிடிக்கக் கூடியது.

ஐஸ் ட்ரேக்கு மேலே கவிச்சி

நெரிசலால் வரும் பெரிய ஆபத்து இதுதான் என்பேன். கறிக்கடையில் கொடுத்த கேரி பேக்கை முடிச்சுப் போட்டு, கிடைத்த இடுக்கில் சொருகுகிறோம். பெரும்பாலும் அது ஐஸ் ட்ரே மேலேயோ ஐஸ்கிரீம் டப்பா மேலேயோ உட்காருகிறது. உறைவதற்கு முன் முடிச்சு வழியாகச் செந்நீர் இரண்டு சொட்டு கசிந்து ட்ரேயில் விழுந்து உறைந்துவிடும். கறியை நாம் கொதிக்க வைத்துத்தான் சாப்பிடுகிறோம். அந்த ஐஸ் கட்டியோ மறுநாள் எலுமிச்சை ஜூஸில் அப்படியே போகிறது. அடுப்பில் ஏறாமல் வாய்க்குள் போகும் பொருள்களுக்கு மேலே கவிச்சி எதுவும் இருக்கக் கூடாது. கறியும் மீனும் மூடி இறுக்கமான டப்பாவில், அடித்தட்டில் இருக்கட்டும்.

ட்ரேயில் ஊற்றும் தண்ணீரும் காய்ச்சி ஆறியதாக இருக்க வேண்டும். டைபாய்டு கிருமியும் மஞ்சள் காமாலை உண்டாக்கும் வைரஸும் ஐஸ் கட்டிக்குள் உயிரோடு இருக்கும்.

கறுப்பு கேரி பேக்கை வீட்டு வாசலோடு நிறுத்திவிடுங்கள். கழிவு பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்யும் பை உணவைச் சுற்றுவதற்கானது அல்ல. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் கேரி பேக்குக்குத் தடை இருந்தும் அது இன்னும் கறியோடு வீட்டுக்குள் வருகிறது. கடைக்குத் தூக்குவாளியோடு போகும் பழைய பழக்கமே நல்லது.

மீனுக்குத் தனிக் கணக்கு

கடலூர்ப் பக்கமிருந்து வரும் மத்தி, கானாங்கெளுத்தி, சூரை போன்ற கடல் மீன்கள் ஐஸ் இல்லாமல் சில மணி நேரம் கிடந்தாலே அவற்றின் சதையில் ஹிஸ்டமின் என்ற பொருள் சேரத் தொடங்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவக்கும், உடம்பு அரிக்கும், தலை வலிக்கும். உறைய வைத்தாலும் குழம்பில் கொதிக்க வைத்தாலும் அது போகாது. வாங்கும்போதே ஐஸில் இருந்த மீனாகப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் குடல், செவுள் எடுத்துக் கழுவி உடனே உள்ளே வையுங்கள். சாத்தனூர் அணைக் கெண்டைக்கு இந்தத் தொல்லை குறைவு. ஆனாலும் ஆறப்போட்டு வைக்கக் கூடாது.

அரைக் கிலோ, தட்டையாக, தேதியோடு

முதலில் வெளியேற்ற வேண்டியவை. கல்வராயன் மலைத் தேனுக்கு எந்தக் குளிரும் வேண்டாம். குளிரில் சர்க்கரை மாதிரி உறைந்துபோகும். சாமை, தினைக்கு ஈரமில்லாத டப்பா போதும். இட்லி மாவுக்குக் கீழ்த்தட்டே இடம். மூன்று நாளைக்கு அளவாக அரைத்தால் நெரிசலும் குறையும். தினமும் வாங்கும் பாலை உறைய வைக்க வேண்டியதில்லை.

இனி உள்ளே போக வேண்டியவை. கறியை ஒருவேளைச் சமையலுக்கு எவ்வளவோ அவ்வளவாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு அரைக் கிலோ சரியாக வரும். ஜிப் வைத்த கவரில் போட்டு, உள்ளங்கையால் அழுத்தி இரண்டு சென்டிமீட்டர் தடிமனுக்குப் பரப்பி, காற்றை வெளியேற்றி மூடுங்கள். அழியாத மார்க்கரால் பெயரும் தேதியும் எழுதுங்கள். முதல் ராத்திரி சுவரை ஒட்டிப் படுக்க வைத்தால் சீக்கிரம் உறையும். காலையில் ஒரு டப்பாவில் நிற்க வைத்துவிடலாம். தேதி எழுதிய பக்கம் கண்ணில் படட்டும், பழையது முன்னால் வரட்டும். உருண்டைப் பொட்டலம் மூன்று பிடித்த இடத்தில் இவை ஐந்தாறு அடங்கும்.

தை மாதத்து மொச்சையையும் பச்சைப் பட்டாணியையும் கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்து, குளிர்ந்த தண்ணீரில் அலசி, துணியில் ஈரம் போக உலர்த்தி வைத்தால் நிறமும் ருசியும் கெடாது. பண்ருட்டிப் பலாச்சுளையைக் கொட்டை நீக்கி அப்படியே வைக்கலாம்.

அடிக்கடி திறந்து மூடும் சின்ன ஃப்ரீசர் எப்போதும் மைனஸ் 18-ல் நிற்கும் என்று நம்ப முடியாது. மைனஸ் 12 என்று கணக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அந்தக் குளிரில் ஒரு மாதம்தான் கெடு. என் அபிப்பிராயம் இன்னும் கண்டிப்பானது: தெருமுனையில் கறிக்கடை இருக்கும் ஊரில், இரண்டு வாரத்துக்கு மேல் கறியைச் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை.

பனி விடவும் முறை உண்டு

காலையில் எடுத்துத் தொட்டி மேடையில் வைத்துவிட்டு மதியம் சமைப்பது தவறு. நடுவில் கட்டியாக இருக்கும்போதே வெளிப்பக்கத்தில் கிருமி பெருக ஆரம்பித்துவிடும். முதல் நாள் ராத்திரியே ஒரு கிண்ணத்தில் வைத்துக் கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். அவசரமென்றால் கவரோடு குளிர்ந்த தண்ணீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கொரு முறை தண்ணீரை மாற்றலாம். தட்டையான பொட்டலம் இதிலும் கைகொடுக்கும். வெளியே வைத்துப் பனி விட்ட கறியைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

இன்சுலினும் தாய்ப்பாலும்

இன்சுலின் ஒருமுறை உறைந்துவிட்டால் அது மருந்தாக வேலை செய்யும் என்று நம்ப முடியாது; தூக்கிப் போட வேண்டியதுதான். ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள ட்ரேயும் அதற்கு ஆகாது. கதவுத் தட்டிலோ நடுத்தட்டிலோ வையுங்கள்; 2 முதல் 8 டிகிரி அதற்குச் சரி.

வேலைக்குப் போகும் தாய்மார்கள் பீய்ச்சி வைக்கும் பாலுக்கு ஒற்றைக் கதவு ஃப்ரீசரில் இரண்டு வாரத்தை எல்லையாக வையுங்கள். அதற்கென்று மூடி போட்ட தனி டப்பா வேண்டும், கறிக்கு எட்டாத மேல் மூலையில். பனி விட்ட பாலை மறுபடி உறைய வைக்கக் கூடாது.

கரண்ட் போனால்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில், சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் தண்ணீர் தென்பெண்ணையில் வந்தது. அக்கரையில் அரகண்டநல்லூர் வரை வெள்ளம் புகுந்ததை இந்தப் பகுதி மறக்காது. அப்படி ஒரு வெள்ளம் வந்தால் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. நிறைந்த பெரிய ஃப்ரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால், 48 மணி நேரம் குளிரைப் பிடிக்கும். பாதி நிறைந்தது 24 மணி நேரம். நம் சின்னப் பெட்டியில் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில் கதவைத் திறக்காமல் இருந்தாலே பெரும்பாலும் சமாளித்துவிடலாம்.

ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். ஊரிலிருந்து திரும்பி வரும்போது நாணயம் அடியில் கிடந்தால், நீங்கள் இல்லாதபோது எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கறியைச் சமைக்காதீர்கள். உருகத் தொடங்கிய கறியில் பனித்துகள் இன்னும் இருந்து, கைக்கு ஐஸ் மாதிரி ஜில்லென்றும் இருந்தால் அன்றே சமைத்துவிடலாம். மோந்து பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நோய் தரும் கிருமி பலவற்றுக்கு வாசனையே கிடையாது. வெள்ளத் தண்ணீர் தொட்ட பொட்டலம் எவ்வளவு இறுக்கமாக மூடியிருந்தாலும் குப்பைக்குத்தான். கரண்ட் இல்லாதபோது இன்சுலினை மட்டும் ஈரம் படாத டப்பாவில் போட்டு, தண்ணீர் வைத்த மண்பானைக்குள் இறக்கி, நிழலில் வைத்துக் காப்பாற்றலாம்.