‘விகிள் ரூம்’: பொருளும் வழக்கும்

ஆங்கிலக் குறிப்புகளிலும் கூட்டப் பேச்சிலும் ‘விகிள் ரூம்’ என்னும் பேச்சுவழக்குத் தொடர் பயின்று வருகிறது. ‘விகிள்’ என்பது நெளிதல். ‘ரூம்’ என்பது ஈண்டு அறையன்று, இடம். விதியை மீறாமல், சூழ்நிலைக்கேற்பச் சிறிது முன்பின்னாகச் செய்வதற்கு விடப்பட்ட இடம் என்பதே இதன் பொருள்.

இதனை ‘நெளிவு சுளிவு’ எனப் பெயர்த்தல் பொருந்தாது. அது தொழில் நுணுக்கத்தைக் குறிக்கும். ‘சலுகை’ என்பதும் பொருந்தாது. சலுகை ஒருவருக்கு அளிக்கப்படுவது, இதுவோ விதியிலேயே அமைந்திருப்பது. ‘மாற்ற இடமுண்டு’, ‘மாற்ற இடமில்லை’ என எழுதுதல் தெளிவு.

இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் தமிழ் பேசும் தொழிலாளர் பலர் உள்ளனர். அவர்கள் அறிந்த தொழிலிலேயே இவ்வேறுபாட்டைக் காணலாம். ஆர்த்தடாக்ஸ் முறையில், பறித்த கொழுந்தை வாட்டுவதற்குப் பொதுவாக 12 முதல் 18 மணி நேரம் ஆகும். மழைநாளில் காற்றில் ஈரம் மிகுவதால் கொழுந்து மெல்ல வாடும்; வறண்ட நாளில் விரைந்து வாடும். ஆகவே, கொழுந்தின் பதம் பார்த்து நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ இடமுண்டு.

பூச்சிமருந்து தெளித்தபின் பறிக்காமல் காத்திருக்க வேண்டிய நாட்கள் அத்தகையன அல்ல. மருந்தின் எச்சம் உரிய அளவுக்குக் குறைவதற்கென அவை வரையறுக்கப்பட்டவை. ஒரு நாள் முந்தினும், அளவுக்கு மிஞ்சிய எச்சம் பருகுவோரைச் சென்றடையக்கூடும். இங்கு ‘ஏறக்குறைய’ என்னும் சொல்லுக்கே இடமில்லை.

அறிவிப்பு எழுதும் களப்பணியாளர், இடமுள்ளதற்கு இரு எல்லைகளையும், இடமில்லாததற்கு ஒரே எண்ணையும் குறித்தல் வேண்டும். ஆசிரியர்கள் இவ்விரு எடுத்துக்காட்டுகளையும் அருகருகே வைத்து விளக்கினால், மாணவர் சொல்லுடன் அதன் எல்லையையும் அறிந்துகொள்வர்.