எவரெஸ்ட் உச்சியில் அந்த போட்டோவை எடுப்பது யார்? - ஷெர்பாக்கள் சுமக்கும் மலை

ஒவ்வொரு மே மாதமும் நம் போனுக்கு அந்தப் படம் வந்துவிடும். எவரெஸ்ட் உச்சி, பின்னால் நீல வானம், முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க், கையில் தேசியக் கொடி. ஒரு லைக் போட்டுவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவோம். அந்த போட்டோவை எடுத்தவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அவர் ஒரு ஷெர்பாவாக இருப்பார். கொடி பிடித்தவரின் ஆக்ஸிஜன் சிலிண்டரைச் சுமந்து வந்தவரும் அவரேதான்.

1953 மே 29 அன்று கதை தலைகீழாக இருந்தது. மனிதன் முதன்முதலில் எவரெஸ்ட்டில் கால்வைத்த அந்த நாளின் புகழ்பெற்ற படத்தில் நிற்பவர் டென்சிங் நோர்கே. எடுத்தவர் நியூசிலாந்துக்காரரான எட்மண்ட் ஹிலாரி. ஹிலாரி உச்சியில் நிற்கும் படம் கிடையாது. அதற்குப் பிறகான 70 ஆண்டுகளில் எவரெஸ்ட் ஏறுவது ஒரு தொழிலாகிவிட்டது. கேமராவும் கை மாறிவிட்டது.

விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட் ஏறி, தமிழ்நாட்டிலிருந்து அந்த உயரத்தைத் தொட்ட முதல் பெண் ஆனார். 'உச்சி வேண்டாம்... பேஸ் கேம்ப் வரையாவது ஒருமுறை நடந்துவிட்டு வரலாமா?' என்று யோசிப்பவர்கள் நம்மிடையே நிறைய பேர். போவதற்கு முன், நம்மைக் கூட்டிப்போகிறவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

ஷெர்பா என்பது வேலையின் பெயரல்ல

சுமை தூக்குபவருக்குப் பெயர் ஷெர்பா என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஷெர்பா என்பது ஓர் இனத்தின் பெயர். 'ஷர்' என்றால் கிழக்கு, 'பா' என்றால் மக்கள். சில நூறு ஆண்டுகளுக்கு முன் திபெத்திலிருந்து மலை கடந்து வந்து, நேபாளத்தின் கும்பு பகுதியில் குடியேறியவர்கள். உருளைக்கிழங்கு பயிரிடுவதும், யாக் வளர்ப்பதும், திபெத்தோடு வணிகம் செய்வதும்தான் அவர்களின் பழைய பிழைப்பு. இன்று மலையில் வேலை செய்பவர்களில் ராய், தமாங், குருங் போன்ற பிற இனத்தவரும் இருக்கிறார்கள்.

இவர்கள் பெயர் வைக்கும் முறை சுவாரஸ்யமானது. பிறந்த கிழமையே பலருக்குப் பெயராகிவிடும். ஞாயிற்றுக்கிழமை பிறந்தால் நிமா, திங்கள் என்றால் தாவா, செவ்வாய்க்கு மிங்மா, புதனுக்கு லக்பா, வியாழனுக்குப் புர்பா, வெள்ளிக்குப் பசாங், சனிக்குப் பெம்பா. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பெயர்தான். ஒரே மலைக்குழுவில் மூன்று பசாங்குகள் இருந்தால் ஆச்சர்யப்படாதீர்கள்.

எவரெஸ்ட்டை அவர்கள் 'சோமோலுங்மா' என்று தாய்த் தெய்வமாக வணங்குகிறார்கள். ஏறத் தொடங்கும் முன் பேஸ் கேம்ப்பில் லாமா வந்து பூஜை செய்வார். ஜூனிபர் தழையைக் கொளுத்திப் புகை போடுவார்கள். ஏறும் கருவிகளையும் பூஜையில் வைப்பார்கள். நம் ஊர் ஆயுத பூஜை மாதிரிதான். பூஜை முடியாமல் மலையில் கால்வைக்கப் பெரும்பாலான ஷெர்பாக்கள் சம்மதிக்க மாட்டார்கள்.

லுக்லாவிலிருந்து மெதுவாக நடங்கள்

பேஸ் கேம்ப் பயணம் லுக்லாவில் தொடங்கும். மலைச்சரிவில் ஒட்டவைத்தது போன்ற குட்டி விமான நிலையம் அங்கே இருக்கிறது. உயரம் சுமார் 2,850 மீட்டர். அங்கிருந்து நாம்சே பஜார் (3,440 மீட்டர்), மடாலயம் இருக்கும் தெங்போசே, டிங்போசே (4,410 மீட்டர்), லோபுசே, கோரக்ஷெப் வழியாக 5,364 மீட்டர் உயரத்தில் இருக்கும் பேஸ் கேம்ப் போய்ச்சேர எட்டு நாள் ஆகும்.

தூரம் என்று பார்த்தால் 60 கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இதற்கு ஏன் எட்டு நாள்? காரணம், காற்று. பேஸ் கேம்ப்பில் நீங்கள் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும், கடலோரத்தில் கிடைக்கும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும். அதற்கு உடம்பு பழக நாள் வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே ஊரில் இன்னோர் இரவு தங்க வேண்டும். நாம்சேயிலும் டிங்போசேயிலும் வழிகாட்டிகள் ஒரு நாள் நிறுத்துவது இதற்காகத்தான். 'நான் ஃபிட்டாக இருக்கிறேன், இன்றே போய்விடலாம்' என்று அவசரப்படுத்துபவர்தான் பெரும்பாலும் முதலில் படுக்கிறார். ஜிம்முக்குப் போகும் உடம்பு, மாரத்தான் ஓடும் உடம்பு என்ற வித்தியாசம் எல்லாம் உயர நோய்க்குத் தெரியாது.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். ஓய்விலும் மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். நடை தள்ளாடி, பேச்சு குழறினால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை. முதல் மருந்து கீழே இறங்குவது. நள்ளிரவாக இருந்தாலும் இறங்க வேண்டும். நல்ல வழிகாட்டி தினமும் காலையில் "தூங்கினீங்களா, சாப்பிட்டீங்களா, தலை வலிக்குதா?" என்று நச்சரிப்பார். எரிச்சல்படாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள்.

யாருக்கு எத்தனை முறை?

ட்ரெக்கிங் போகிறவர்களுக்கு பேஸ் கேம்ப் முடிவு. உச்சிக்குப் போகிறவர்களுக்கு அங்கேதான் தொடக்கம். முதலில் வருவது கும்பு ஐஸ்ஃபால். மலையிலிருந்து இறங்கும் பனி ஆறு இங்கே செங்குத்தாக உடைந்து விழுகிறது. வீடு அளவு பனிக்கட்டிகள், அடி தெரியாத பிளவுகள். பனி எப்போதும் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இதில் ஒவ்வொரு வசந்த காலத்திலும் புதிதாக வழி போட வேண்டும். அதற்கென்றே 'ஐஸ்ஃபால் டாக்டர்கள்' என்ற ஷெர்பா குழு இருக்கிறது. பிளவுகளுக்குக் குறுக்கே அலுமினிய ஏணி வைப்பது, கயிறு கட்டுவது, பனி நகர்ந்து ஏணி விழுந்தால் மறுபடி போய்ச் சரிசெய்வது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வெயில் ஏறினால் பனி இளகும் என்பதால், நள்ளிரவுக்குப் பின் நெற்றி விளக்கோடு கிளம்பி, விடியும்போது கடந்துவிடப் பார்ப்பார்கள்.

பணம் கட்டி வருபவர் ஒரு சீசனில் சில முறைதான் இந்த இடத்தைக் கடப்பார். அதையும் குறைக்க, பல நிறுவனங்கள் பக்கத்தில் இருக்கும் 6,119 மீட்டர் உயர லோபுசே கிழக்குச் சிகரத்தில் பயிற்சி கொடுத்துவிடுகின்றன. ஆனால் கூடாரம், அடுப்பு, சாப்பாடு, கயிறு, ஆக்ஸிஜன் எல்லாம் மேலே போயாக வேண்டுமே? அதைச் சுமக்கும் ஷெர்பாக்கள் பல மடங்கு அதிகமுறை கடக்க வேண்டியிருக்கிறது. ஆபத்து யாருக்கு அதிகம் என்று இதிலேயே புரியும்.

2014 ஏப்ரல் 18 அதிகாலை அது நடந்தது. மலையின் மேற்குத் தோளிலிருந்து பெரும் பனிப்பாளம் உடைந்து ஐஸ்ஃபாலில் விழுந்தது. சுமையோடு ஏறிக்கொண்டிருந்த 16 பேர் இறந்தார்கள். 16 பேரும் நேபாளத் தொழிலாளர்கள். வெளிநாட்டு ஏறுநர் ஒருவர்கூட அதில் இல்லை. இறந்தவர் குடும்பத்துக்கு அரசு முதலில் அறிவித்த உதவி 40,000 நேபாள ரூபாய். அன்றைய மதிப்பில் 400 டாலர் சொச்சம். ஷெர்பாக்கள் கொதித்துப்போனார்கள். அந்த சீசனில் வேலை செய்ய மறுத்தார்கள். நேபாளப் பக்கம் மலை காலியானது. அதன் பிறகே காப்பீட்டுத் தொகை உயர்ந்தது. வழியும் மேற்குத் தோளைவிட்டுத் தள்ளிப் போடப்பட்டது.

இது புதிதும் அல்ல. 1922-ல் பிரிட்டிஷ் குழு திபெத் பக்கமிருந்து ஏறியபோது பனிச்சரிவில் 7 பேர் இறந்தார்கள். ஏழு பேரும் சுமை தூக்கி வந்தவர்களே.

8,000 மீட்டருக்கு மேல்

நான்காவது முகாமான சௌத் கோல் சுமார் 7,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதற்குச் சற்று மேலே தொடங்குவதுதான் 'மரண மண்டலம்'. உச்சியின் உயரம் 8,848.86 மீட்டர் என்று 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தன. அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு மட்டும். மரண மண்டலத்தில் உடம்பால் பழகிக்கொள்ள முடியாது. நேரம் ஆக ஆக உடம்பு தேய்ந்துகொண்டே போகும்.

அங்கே யாராவது விழுந்துவிட்டால் தூக்கிவர முடியாது என்பதுதான் பல காலமாக மலையில் சொல்லப்பட்டு வந்தது. 2023 மே 18 அன்று கெல்ஜே ஷெர்பா என்ற 30 வயது வழிகாட்டி அதை மீறினார். சீனாவிலிருந்து வந்த தன் வாடிக்கையாளரை உச்சிக்கு அழைத்துப்போய்க்கொண்டிருந்தவர், 'பால்கனி' எனப்படும் இடத்துக்கு அருகே ஒரு மலேசிய ஏறுநர் கயிற்றைப் பிடித்தபடி குளிரில் நடுங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். வாடிக்கையாளரிடம் பேசி, உச்சியைக் கைவிடச் சம்மதிக்க வைத்தார். விழுந்துகிடந்தவரை முதுகில் சுமந்தும் பனியில் இழுத்தும் சுமார் 6 மணி நேரத்தில் 600 மீட்டர் கீழே, சௌத் கோலுக்குக் கொண்டுவந்தார். அங்கே இன்னொரு ஷெர்பாவும் சேர்ந்துகொண்டார். தூங்கும் பாயில் சுற்றி, மாறி மாறிச் சுமந்து மூன்றாம் முகாமுக்கு இறக்கினார்கள். அங்கிருந்து ஹெலிகாப்டர் நீண்ட கயிற்றில் தூக்கிக்கொண்டு போனது. அவர் பிழைத்தார்.

இதில் அந்தச் சீன வாடிக்கையாளரையும் மறந்துவிடக் கூடாது. லட்சக்கணக்கில் செலவு செய்து, உச்சிக்குச் சில மணி நேரத் தொலைவில் நின்றுகொண்டு, "சரி, திரும்பலாம்" என்று சொல்வது எளிதல்ல. 1996 மே 10 அன்று அந்த வார்த்தை சொல்லப்படாததுதான் பெரும் விபத்தில் முடிந்தது. மதியம் 2 மணிக்குள் உச்சியைத் தொடாவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது பேச்சு. 2 மணி தாண்டியும் பலர் ஏறிக்கொண்டே இருந்தார்கள். மாலையில் புயல் பிடித்தது. மலையின் இரு பக்கமும் சேர்த்து 8 பேர் இறந்தார்கள். அனுபவம் மிகுந்த வழிகாட்டிகளான ராப் ஹாலும் ஸ்காட் ஃபிஷரும் அதில் அடக்கம்.

பணம் எங்கே போகிறது?

நேபாளப் பக்கம் வசந்த காலத்தில் எவரெஸ்ட் ஏற அனுமதிக் கட்டணம் நீண்ட காலமாக 11,000 டாலராக இருந்தது. 2025 செப்டம்பரிலிருந்து 15,000 டாலர். நம் பணத்தில் 13 லட்சம் ரூபாய் வரும். இது அரசுக்கு மட்டும். நிறுவனம், வழிகாட்டி, ஆக்ஸிஜன், சாப்பாடு எல்லாம் சேர்த்தால் மொத்தச் செலவு 35,000 டாலரில் தொடங்கி ஒரு லட்சம் டாலரைத் தாண்டும்.

இந்தத் தொழில் கும்புவுக்குக் கொடுத்தவையும் இருக்கின்றன. வழியெங்கும் விடுதிகள், பள்ளிகள், மருத்துவமனை. இன்று பெரிய மலையேற்ற நிறுவனங்கள் பலவற்றின் முதலாளிகளே ஷெர்பாக்கள்தான். தாமே கிராமத்தைச் சேர்ந்த காமி ரீட்டா ஷெர்பா 2025 மே 27 அன்று 31-வது முறையாக எவரெஸ்ட் உச்சியைத் தொட்டார். உலகத்துக்கு அது சாதனை. அவருக்கு அது வேலை. அதே சமயம், 'என் பிள்ளை இந்த வேலைக்கு வர வேண்டாம். படித்து வேறு எதற்காவது போகட்டும்' என்று நினைத்தே மலை ஏறும் ஷெர்பா அப்பாக்களும் ஏராளம்.

புக் செய்வதற்கு முன்...

பேஸ் கேம்ப் நடையோ, 6,000 மீட்டர் சிகரமோ... பணம் கட்டுவதற்கு முன் நிறுவனத்திடம் இவற்றைக் கேளுங்கள்.

• பயணத் திட்டத்தில் உடம்பு பழகுவதற்கான ஓய்வு நாள்கள் எத்தனை? குறைந்த நாள், குறைந்த விலை என்றால் உஷாராகுங்கள்.

• எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி? ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் அவரோடு கீழே இறங்க இன்னொருவர் இருப்பாரா?

• உங்கள் காப்பீடு நீங்கள் போகும் உயரத்துக்கும், ஹெலிகாப்டர் மீட்புக்கும் செல்லுமா? இதய நோய், ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டீர்களா?

• வழிகாட்டிக்கும் சுமை தூக்குபவருக்கும் காப்பீடு இருக்கிறதா? அவர்களுக்குக் குளிர் உடையும் தங்குமிடமும் யார் தருகிறார்கள்? ஒருவர் தலையில் எத்தனை கிலோ?

கடைசிக் கேள்வியைப் பெரும்பாலானவர்கள் கேட்பதில்லை. நமக்கு விலை குறைய வேண்டும் என்றால் யாரோ ஒருவருக்குக் கூலியோ கம்பளியோ குறையும். அதனால் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் நிறுவனத்தோடு 5,000 மீட்டர் உயரத்துக்குப் போக வேண்டாம்.

மலையில் வழிகாட்டி "போதும், இறங்கலாம்" என்று சொன்னால் பேரம் பேசாமல் இறங்குங்கள். அவரையும் வீட்டில் யாரோ எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள்.