இடுக்கி அணையின் அடிக்கணக்கு

மழைக்காலம் வந்தால் செய்தித்தாளில் ஒரு வரி வரும். 'இடுக்கி அணை நீர்மட்டம் 2,395 அடி.' படித்தவுடன் திக்கென்று இருக்கும். அணையின் உயரமே 555 அடிதான். அதில் 2,395 அடி தண்ணீர் எப்படி நிற்கும்?

அது தண்ணீரின் ஆழம் அல்ல. கடல் மட்டத்திலிருந்து எண்ணிய உயரம். அணை மலைமேல் இருக்கிறது. அதனால்தான் எண் பெரிதாக இருக்கிறது. அணை நிரம்பினால் 2,403 அடி.

முல்லைப் பெரியாறு 142 அடி என்றும் படிக்கிறோம். அது அந்த அணையின் அடியிலிருந்து எண்ணியது. கம்பத்திலும் குமுளியிலும் இருப்பவர்கள் இரண்டு எண்ணையும் ஒரே பக்கத்தில் பார்ப்பார்கள். இரண்டும் ஒரே கணக்கு அல்ல. ஆனால் உறவு உண்டு. முல்லைப் பெரியாற்றிலிருந்து வழியும் தண்ணீர் இடுக்கிக்குத்தான் வந்து சேர்கிறது.

குறவன் மலை, குறத்தி மலை என்று இரண்டு மலைகள். நடுவே குறுகிய வழியில் பெரியாறு ஓடியது. ஜான் என்ற எஸ்டேட் மேலாளருக்கு இந்த இடத்தைக் காட்டியவர் கொலும்பன். இவர் பழங்குடித் தலைவர். அணைக்கு அருகே இவருக்கு நினைவிடம் இருக்கிறது.

பாலக்காட்டுப் பக்கம் இருப்பவர்கள் மலம்புழா அணையைப் பார்த்திருப்பீர்கள். 1955இல் காமராசர் திறந்து வைத்தார். அந்த அணை தன் எடையாலேயே தண்ணீரைத் தாங்குகிறது. இடுக்கி அணை வேறு மாதிரி. வில் போல வளைந்திருக்கும். தண்ணீர் தள்ளும்போது அந்தப் பாரம் வளைவு வழியாக இரண்டு பக்கத்துப் பாறைக்கும் போகிறது. மலையே தோள் கொடுக்கிறது. பழைய வீட்டு வாசலில் செங்கல் வளைவு சுவரைத் தாங்குகிறதே, அதைப் படுக்க வைத்தது போல.

இந்த வேலையில் மூன்று தரப்பினர் இருந்தார்கள். சொந்தக்காரர், கேரள மாநில மின்சார வாரியம். கட்டியது, இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி. மூன்றாவது, ஆலோசனைப் பொறியாளர்கள். கனடா நாட்டு எஸ்.என்.சி. நிறுவனம் இதைச் செய்தது. கனடா அரசு கடனும் உதவியும் தந்தது.

ஆலோசனைப் பொறியாளருக்கு என்ன வேலை? நாம் வீடு கட்டும்போது கொத்தனார் ஒருவர், பிளான் போடுபவர் ஒருவர் இருப்பார்கள் அல்லவா? அதே மாதிரிதான். பாறையைத் துளைத்துப் பார்க்க வேண்டும். வரைபடம் போட வேண்டும். கலவை சரியா என்று சோதிக்க வேண்டும். கட்டுபவரே தன் வேலையைச் சோதித்துக்கொண்டால் போதாது. பொதுப் பணம் செலவாகும் இடத்தில் இது மிகவும் முக்கியம். பாறை சரியில்லை என்றால் வில் அணை நிற்காது.

1969இல் கட்டத் தொடங்கினார்கள். வேலையில் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தார்கள். 1976 பிப்ரவரியில் இந்திரா காந்தி மின் நிலையத்தைத் தொடங்கி வைத்தார்.

மின்சாரம் அணைக்கு அடியில் தயாராவதில்லை. தண்ணீர் குளமாவிலிருந்து சுரங்கம் வழியாகப் போகிறது. மூலமற்றத்தில் 2,000 அடிக்கு மேல் கீழே பாய்ந்து சக்கரங்களைச் சுற்றுகிறது. மின் நிலையம் மலைக்கு உள்ளேயே இருக்கிறது. ஆறு இயந்திரங்கள். மொத்தம் 780 மெகாவாட். எல்லாம் ஓடினால், 60 வாட் பல்பு 1 கோடியே 30 லட்சம் எரியும்!

இடுக்கி அணையில் ஷட்டரே கிடையாது. இது பலருக்குத் தெரியாது. இடுக்கி, செறுதோணி, குளமாவு என்று மூன்று அணைகள் சேர்ந்து ஒரே ஏரியைத் தேக்குகின்றன. ஷட்டர் இருப்பது செறுதோணியில்தான். அங்கே ஐந்து ஷட்டர்கள்.

2018 ஆகஸ்ட் 9 அன்று ஒரு ஷட்டரைத் திறந்தார்கள். 1992க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. இடையில் 26 ஆண்டுகள். ஆற்றோரத்தில் வீடுகளும் கடைகளும் வந்துவிட்டன. பஸ் நிலையம்கூட இருந்தது. மறுநாள் ஐந்தையும் திறக்க வேண்டியதாயிற்று. செறுதோணிப் பாலத்தைத் தண்ணீர் மூழ்கடித்தது.

ஷட்டர் திறக்கும் முன் மூன்று எச்சரிக்கை வரும். நீலம் என்றால் மட்டம் ஏறுகிறது. ஆரஞ்சு என்றால் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் ஷட்டர் திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. எத்தனை அடியில் எந்த நிறம் என்பது காலத்துக்கு ஏற்ப மாறும். ஆகவே போன மாத எண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். அன்றைய செய்தியில் எண்ணோடு நிறத்தையும் சேர்த்துப் படியுங்கள்.