பதிவுக்கு நாட்கள், தொழிலுக்கு ஆண்டுகள்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர்கள் வன்னிப் பெருநிலப்பரப்பில் தொழில் முயற்சிகளை ஆரம்பிக்க முன்வருவதை நாம் வரவேற்கின்றோம். எனினும், கம்பனியைப் பதிவு செய்த கையோடு தொழிற்சாலை இயங்கும் என நம்பி வந்து, ஏமாற்றத்துடன் திரும்புவோரும் உளர்.

2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழான பதிவை இன்று இணையவழியிலேயே மேற்கொள்ளலாம். ஆவணங்கள் சீராக இருப்பின் சில நாட்களில் அது நிறைவுறும். முதலீட்டை உள்முக முதலீட்டுக் கணக்கு ஊடாகக் கொண்டுவரவும் வரிப் பதிவுக்கும் மேலும் சில வாரங்கள் தேவைப்படலாம்.

உண்மையான தாமதம் காணியிலேயே ஆரம்பமாகின்றது. வெளிநாட்டவருக்கும், 50 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட வெளிநாட்டுப் பங்குடைமை கொண்ட கம்பனிகளுக்கும் காணியை உரிமை மாற்றுவதை, சில விதிவிலக்குகளுடன், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் தடை செய்கின்றது. அவர்களுக்குக் குத்தகையே வழி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் குடியேற்றத் திட்டக் காணிகள் பல, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணிகளாகும். உறுதிக் காணிகளைப் போல் அவற்றை விரும்பியவாறு கைமாற்ற முடியாது. பிரதேச செயலாளரை நாடியே ஆக வேண்டும். இதன் பின்னரே கட்டட அனுமதி, சுற்றாடல் அனுமதிப்பத்திரம், மின்னிணைப்பு என்பன வரும். ஆகவே, முதல் உற்பத்திக்கு ஓரிரு ஆண்டுகளை ஒதுக்குவதே விவேகமாகும். அதுவரையிலான செலவுக்கும் முதலில் இடமிருக்க வேண்டும்.

அவசரம் வேறொரு தீங்கையும் விளைவிக்கும். 1990ஆம் ஆண்டு வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், போரினால் இடம்பெயர்ந்த தமிழ் மக்களும் ஆவணங்களை இழந்து நின்ற மண் இது. விசாரிக்காது பெறப்படும் காணி, மற்றொரு குடும்பம் மீளக் காத்திருக்கும் வளவாக இருக்கலாம். காணியின் வரலாற்றை அறியச் செலவிடும் மாதங்களைத் தாமதம் என எவரும் கருதலாகாது. அதுவே தொழிலின் அத்திவாரம்.