உதைத்தவுடன் பேசும் வண்டிகள்!

பெங்களூர் ரயில்வே பார்சல் ஆபீசுக்கு வரும் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் ஊமைகள். டாங்கியில் பெட்ரோல் ஒரு சொட்டும் இருக்கக் கூடாது என்பது விதி. சாக்கும் வைக்கோலும் சுற்றி, மூட்டை போல வந்து இறங்கும். சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டு, வெளியே தள்ளிக்கொண்டு போய், பெட்ரோல் ஊற்றி உதைக்கும்போதுதான் வண்டி வாய் திறக்கும்.

அந்த ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்குப் பேரேட்டிலிருந்து தலை நிமிர வேண்டியதே இல்லை. இது புல்லட், இது எஸ்டி, இது ஆர்.எக்ஸ்.100 என்று காதே சொல்லிவிடும்.

எல்லா வண்டியும் குடிப்பது ஒரே பெட்ரோல். குரல் மட்டும் ஏன் வேறு? "சைலன்சர் வேறு, அதனால்தான்" என்பார்கள் பலர். அது பாதி உண்மைதான். சத்தம் பிறப்பது என்ஜினுக்குள். சைலன்சர் அதை அடக்கி, பதப்படுத்தி வெளியே விடுகிறது. அவ்வளவே.

இரண்டு சுற்றுக்கு ஒரு வெடி

1955-ல் சென்னையில் தயாராகத் தொடங்கியது புல்லட். அதன் பழைய 350 என்ஜினில் சிலிண்டர் ஒன்றுதான். குறுக்களவு 70 மில்லி மீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 90 மில்லி மீட்டர். நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் ஆகையால், கிராங்க் இரண்டு முறை சுற்றினால்தான் ஒரு வெடி.

வண்டி நின்றபடி நிமிடத்துக்கு 900 சுற்று ஓடுவதாக வைத்துக்கொள்வோம். வெடிகள் 450. அதாவது நொடிக்கு ஏழெட்டு. ஒவ்வொன்றையும் காது தனித்தனியே எண்ணிவிடும். "டுப்... டுப்..." என்பது அதுதான். ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் நடுவே என்ஜின் நின்றுவிடாமல் காப்பது கனமான பிளைவீல்.

மைசூர் வண்டி

1961 முதல் மைசூரில் தயாரான ஜாவாவும், 1973-க்குப் பின் வந்த எஸ்டியும் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. புல்லட் ஒரு முறை வெடிக்கும் நேரத்தில் இது இரண்டு முறை வெடிக்க வேண்டும். வால்வும் கிடையாது. பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டர் சுவரிலுள்ள துளை திறந்து, புகை சட்டென்று வெளியே பாயும். குரலில் உள்ள கூர்மைக்கு அதுவே காரணம்.

இரண்டு சைலன்சரைப் பார்த்து இரண்டு சிலிண்டர் என்று நினைத்தவர்கள் உண்டு. இல்லை. 250 வண்டியில் ஒரே சிலிண்டர். புகை போக வழி இரண்டு. அந்தத் தொழிற்சாலை 1996-ல் மூடப்பட்டது. அந்தப் பெயர்களில் இப்போது வருபவை நான்கு ஸ்ட்ரோக் வண்டிகள். குரலும் வேறு.

1985-ல் வந்த ஆர்.எக்ஸ்.100-ம் இரண்டு ஸ்ட்ரோக்தான். நிமிடத்துக்கு 7,500 சுற்று சுழன்றால் நொடிக்கு 125 வெடி. எண்ண முடியுமா? காதுக்கு அது ஒரே ரீங்காரம்!

நொண்டும் தாளம்

அமெரிக்காவின் ஹார்லி டேவிட்சனில் இரண்டு சிலிண்டர்கள் 45 டிகிரி சாய்வில் விரிந்து நிற்கின்றன. இரண்டு கனெக்டிங் ராடும் ஒரே கிராங்க் பின்னில் மாட்டியவை. ஆகவே ஒரு வெடிக்குப் பின் 315 டிகிரியில் அடுத்தது; அதன் பின் 405 டிகிரி காத்திருப்பு. இந்த நொண்டலையே தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்யக் கோரி, அந்தக் கம்பெனி 1994-ல் மனுப் போட்டது. போட்டிக் கம்பெனிகள் ஆட்சேபித்தன. 2000-ல் முயற்சி கைவிடப்பட்டது.

துளை போட்டால் குரல் வருமா?

இன்று இளைஞர்கள் சிலர் சைலன்சரின் உள்தகட்டை எடுத்துவிட்டு ஊரையே எழுப்புகிறார்கள். அது சட்டப்படி குற்றம். நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவனுக்குத்தான் அதன் கொடுமை தெரியும்.

அல்சூரில் புல்லட் மட்டுமே பார்க்கும் தமிழ் மெக்கானிக் ஒருவர் சொன்னார்: "சத்தம் கூடும் தம்பி, தாளம் மாறாது. தாளம் கிராங்கிலே இருக்கு. டேப்பட் தளர்ந்தாலும் பேரிங் போனாலும் வண்டி முன்கூட்டியே சொல்லும். ஓட்டை சைலன்சர் போட்டா அது சொல்றது யார் காதிலே விழும்?"

சென்ற மழைக்காலத்தில் ஒரு பையன் புல்லட் ஒன்றை சேலத்துக்கு பார்சல் போட வந்தான். அவன் அப்பா வாங்கிய வண்டி. சைலன்சரைக் காலி செய்து ஓட்டியிருக்கிறான். கனெக்டிங் ராடு பேரிங் பல நாளாகத் தட்டியது அவன் காதில் விழவே இல்லை. ஓசூர் ரோட்டில் என்ஜின் ஜாம் ஆகிவிட்டது.

"அப்பா இதை ஓரமா நிறுத்தி, குனிஞ்சு கேட்டுக்கிட்டே இருப்பார் சார். எதுக்குன்னு அப்போ தெரியலை" என்றான்.

பாரத்தை நிரப்பினேன். டாங்கியைத் திறந்து பார்த்தேன். காலிதான்.

வண்டி வைத்திருக்கும் அன்பர்களே, வாரம் ஒரு நாளாவது இரண்டு நிமிடம் நிறுத்தி வைத்து, அது பேசுவதைக் கேளுங்கள்!