வீட்டுக்குத் தீந்தை பூசுங்கால் மீன் தொட்டியைக் காத்தல்

பெரும்போக அறுவடை முடிந்து நெல் விற்ற பணம் கைக்கு வந்ததும், சித்திரை வருடப்பிறப்புக்கு முன் வீட்டைத் திருத்திச் சுவர்களுக்கும் கதவுகளுக்கும் தீந்தை பூசுவது கமக்காரர் பலரின் வழக்கம். வயலோடும் தோட்டத்தோடும் நில்லாது, கப்பி, மொலி, சண்டைமீன் முதலியவற்றைக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்த்து விற்கும் குடும்பங்களும் இன்று உள. மாதக்கணக்காகப் பேணிய மீன்கள் தீந்தை பூசிய மறுநாட் காலையில் செத்து மிதக்குமாயின், அது அக்குடும்பத்துக்குச் சிறு நட்டமன்று. ஆயினும் இந்நட்டம் பெரும்பாலும் தடுக்கக் கூடியதே.

தீந்தையின் நெடி நீரினுட் செல்லும் வழியை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும். நீர்ப்பரப்பின் மீது படியும் ஆவியில் ஒரு பங்கு தானாகவே கரையும். அதனிலும் பெரிய வழி காற்றுப் பம்பியாகும். மீனுக்கு ஒட்சிசன் கொடுப்பதற்கென நாம் வைத்த பம்பி, அறையிலுள்ள காற்றையே உறிஞ்சி நீருக்குள் குமிழிகளாக விடுகின்றது. நிமிடத்துக்கு 2 லீற்றர் காற்றைத் தள்ளும் ஒரு சிறு பம்பி ஒரு நாளில் 2,880 லீற்றர் காற்றைத் தொட்டியினுட் செலுத்தும். இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமுமுள்ள தொட்டி கொள்ளும் நீரோ ஏறத்தாழ 50 லீற்றரே. அறையில் தின்னரும் டர்பன்டைனும் ஆவியாகி நிற்கும்போது இந்நீரின் நிலை யாதாகும் என்பதை வாசகரே கணித்துக்கொள்ளலாம்.

ஆகவே, தொட்டியைச் சாக்கினாலோ பொலித்தீன் தாளினாலோ இறுக மூடிவிட்டுப் பம்பியை அதே அறையில் ஓடவிடுதல் பயனற்ற காவலாகும். மூடியது மேல்வழியை மட்டுமே. கீழ்வழி திறந்தே கிடக்கின்றது. பம்பியையும் நிறுத்தி மூடினால் வேறோர் ஆபத்து உண்டு. நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஒட்சிசன் குறையும். 25 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலாக ஒட்சிசனைக் கொள்ளும். 30 பாகையில் ஏழரை மில்லிகிராமளவே கொள்ளும். பங்குனி, சித்திரை வெயிலில் மூடிய தொட்டியில் நெருங்கி வாழும் மீன்களுக்கு இது போதாது.

வேலை தொடங்குமுன் தொட்டியை வேறோர் அறைக்கோ நிழலுள்ள விறாந்தைக்கோ மாற்றுதலே சிறந்தது. 50 லீற்றர் நீரின் பாரம் மட்டுமே 50 கிலோகிராம் ஆதலால், நிறைந்த தொட்டியைத் தூக்கினால் அடிக்கண்ணாடி வெடிக்கும். நீரில் மூன்றில் இரண்டு பங்கைச் சுத்தமான பாத்திரங்களில் இறைத்து, மீன்களையும் அவற்றில் விட்டு, பின்னரே தொட்டியை நகர்த்துக. வெறுமையான தீந்தை வாளியை இதற்கு எடுத்தலாகாது. எத்தனை முறை கழுவினாலும் அதனை நம்புவதற்கில்லை. கிருமிநாசினி இருந்த கலனைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. வடிகட்டியின் பஞ்சைத் தொட்டி நீரிலேயே ஊறவிடுக. மீன் கழிவிலுண்டாகும் அமோனியாவை மாற்றும் நுண்ணுயிர்கள் அதிலேயே வாழ்கின்றன. உலர்ந்தால் அவை மடியும்.

மாற்ற முடியாத பெருந்தொட்டியாயின், பம்பியை நல்ல காற்றுள்ள அறையிலோ வெளியிலோ வைத்து, நீண்ட குழாய் மூலம் காற்றைக் கொண்டுவருதல் வேண்டும். பம்பி நீர்மட்டத்துக்கு மேலே இருத்தல் அவசியம். இல்லாவிடின் மின்சாரம் தடைப்படும்போது நீர் குழாய்வழியே பின்னோக்கி வடியும். அதன்பின் தொட்டியின் மேலே பொலித்தீனைத் தளர்வாக விரித்து, உட்சென்ற காற்று வெளியேற ஓரத்தில் இடைவெளி விடலாம். யன்னல்கள் திறந்திருக்கட்டும். சண்டைமீனும் குராமியும் நீர்ப்பரப்புக்கு வந்து காற்றை நேரே விழுங்குபவை. இவற்றை நெடியுள்ள அறையில் எவ்வகையிலும் வைக்கலாகாது.

நெடி குறைந்த எமல்ஷன் தீந்தையால் தீங்கில்லை எனச் சிலர் எண்ணுவர். எனாமலைவிட அது நன்றெனினும், சிலவகை எமல்ஷன்களில் அமோனியா சேர்ந்துள்ளது. சீமெந்துத் தூளும் சுண்ணாம்பும் நீரில் விழுந்தால் நீரின் காரத்தன்மை கூடும். காரம் கூடிய நீரில் அமோனியாவின் நஞ்சும் கூடும். பழைய தீந்தையைச் சுரண்டும்போது எழும் தூளில் ஈயம் இருக்கலாம். அது மீனுக்கு மட்டுமன்றி வீட்டுக் குழந்தைகளுக்கும் கேடு.

மீன்கள் மேற்பரப்பில் வாய்பிளந்து நிற்றல், செவுள் விரைந்தடித்தல், திடீரெனப் பாய்ந்து பின் அடியிற் சாய்தல் ஆகியவற்றைக் கண்டால் காலந்தாழ்த்தற்க. தொட்டியை அல்லது பம்பியை உடனே நல்ல காற்றுக்கு மாற்றி, நீரில் நான்கிலொரு பங்கை, அதாவது மேற்கூறிய தொட்டிக்கு ஒரு வாளியளவை, எடுத்துவிட்டு அதேயளவு புதுநீர் விடுக. குழாய் நீராயின் குளோரீன் நீங்க ஒருநாள் திறந்து வைத்திருந்ததாக இருத்தல் வேண்டும். இதற்கென ஒரு வாளி நீரை முன்னதாகவே வைத்துக்கொள்வது புத்தி. வடிகட்டியில் உயிர்ப்பூட்டிய கரி இடுதலும் நன்று. அது தேங்காய்ச் சிரட்டையிலிருந்து இலங்கையிலேயே செய்யப்படுகின்றது. அடுப்புக்கரி அதற்கு ஈடாகாது. அன்று தீன் போடவேண்டாம்.

தொட்டியைத் திரும்பக் கொண்டுவருமுன், அறையை இரவு முழுவதும் பூட்டிவைத்துக் காலையில் வெளியிலிருந்து வந்து முகர்ந்து பார்க்க. உள்ளேயே இருந்தவரின் மூக்கு நெடிக்குப் பழகியிருக்குமாதலால் அவர் சொல்லை ஏற்கலாகாது. எனாமல் பூசிய அறைக்கு ஒரு வாரமேனும் விடுதல் நன்று. தூரிகை கழுவிய தின்னரைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் அது விரைவிற் கீழிறங்கிக் கிணற்று நீரையே சேரும்.